மெத்தடை எடுத்துக் கையில் கொடுப்பது: சி ஷார்ப் டெலிகேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கம்பஸ் படிக்கிற பிள்ளைகளும், முதல் வேலையில் சேர்ந்து சில மாதமே ஆனவர்களும், சி ஷார்ப் என்ற ப்ரோகிராமிங் மொழியில் வருகிற டெலிகேட் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டு அதற்குப் பிறகு எல்லாமே ஆங்கிலத்தில் ஓடும்போது, லூப், கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் வரைக்கும் எப்படியோ பிடிபட்டுவிடுகிறது. டெலிகேட் வந்ததும் பலர் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது உண்மையாகவே கவலை, ஏனென்றால் இவென்ட் (ஒன்று நடந்ததும் மற்றவர்களுக்கு அறிவிப்பது), லிங்க் (டேட்டாவைத் தேடி வடிகட்டுவது), அசிங்க் (ஒரு வேலை முடியும்வரை மற்றவற்றை நிறுத்தாமல் ஓடுவது) என்று பின்னால் வருகிற எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன, இது விளங்காமல் அவை எதுவும் வடிவாக விளங்காது.

கோடில் வரும் சி ஷார்ப் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் பண்ணும்போது அவற்றை மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள். கிளாஸ், மெத்தட், வேரியபிள் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், கோடை ஓடக்கூடிய ப்ரோகிராமாக மாற்றுகிற கொம்பைலர் ஏற்றுக்கொள்ளும்.

டெலிகேட் என்றால் உண்மையில் என்ன?

ஒரு மெத்தடைச் சுட்டி நிற்கிற ஒப்ஜெக்ட். சுருக்கமான பதில் இதுதான், ஆனால் இதில் "ஒப்ஜெக்ட்" என்பதில் கொஞ்சம் நில்லுங்கள். எண்ணையோ ஸ்ட்ரிங்கையோ போல அதை வேரியபிளில் வைக்கலாம், இன்னொரு மெத்தடுக்குப் பராமீட்டராக அனுப்பலாம், லிஸ்டில் சேர்க்கலாம், வேண்டிய நேரத்தில் கூப்பிடலாம். அந்த ஒப்ஜெக்டுக்குள் முக்கியமாக இரண்டு தகவல் இருக்கிறது. ஒன்று, எந்த மெத்தட். மற்றது, அந்த மெத்தடை எந்த ஒப்ஜெக்டின் மேல் ஓடவிட வேண்டும். சி ஷார்ப் ஓடுகிற தளமான டொட் நெட்டில் இவற்றுக்கு மெத்தட், டார்கெட் என்று இரண்டு ப்ரொப்பர்ட்டியே உண்டு, நீங்களே பிரிண்ட் பண்ணிப் பார்க்கலாம். ஸ்டாட்டிக் மெத்தடைக் கொடுத்தால் டார்கெட் நல் ஆக, அதாவது எதையும் சுட்டாமல், இருக்கும்.

இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். மெமரி லீக் (தேவை முடிந்தும் மெமரி விடுபடாமல் கிடப்பது), இவென்டிலிருந்து கழன்றுகொள்ளாத லாம்டா, லூப்புக்குள் பிழையாக வருகிற எண் என்று கீழே வருகிற பாதிப் பிரச்சினைகள் "டார்கெட்டில் யார் இருக்கிறார்?" என்று கேட்டால் அவிழ்ந்துவிடும்.

மெத்தடை நேரே கூப்பிட்டால் போதாதா?

எந்த மெத்தடைக் கூப்பிட வேண்டும் என்று கோட் எழுதும்போதே தெரிந்திருந்தால் போதும், டெலிகேட் வேண்டாம். தெரியாதபோதுதான் இது தேவைப்படுகிறது.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு பில் போடுகிற ப்ரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். தீபாவளிக்கு நூற்றுக்குப் பத்து விலைக்கழிவு. நத்தாருக்கு வேறு கணக்கு. புறக்கோட்டையிலிருந்து மொத்தமாக எடுக்க வருகிற வியாபாரிக்கு இன்னொரு கணக்கு. இதையெல்லாம் பில் கிளாஸுக்குள்ளேயே இஃப், எல்ஸ் இஃப் என்று அடுக்கினால், முதலாளி ஒவ்வொரு முறை புதுக் கழிவு சொல்லும்போதும், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற பில் கோடைத் திறந்து கைவைக்க வேண்டிவரும். பில் கிளாஸுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தொகையைக் கொடுத்தால் கழிவைத் திருப்பித் தரும் ஏதோ ஒரு மெத்தட் இருக்கிறது. அது எது என்பதை வெளியில் இருப்பவர் முடிவு செய்து கையில் கொடுக்கட்டும்.

சரி, எழுதிக் காட்டுங்கள்.

முதலில் டெலிகேட்டின் வகையை அறிவிக்கிறோம்:

பப்ளிக் டெலிகேட் டெசிமல் கழிவுக்கணக்கு(டெசிமல் தொகை);

இது பார்க்க மெத்தட் மாதிரி இருந்தாலும் உடல் இல்லை. இது ஒரு புது டைப், கிளாஸ் அறிவிப்பதற்குச் சமம். கொம்பைலர் இதைக் கண்டதும் மல்டிகாஸ்ட்டெலிகேட் என்ற கிளாஸிலிருந்து வருகிற ஒரு கிளாஸை உருவாக்கிவிடும். ஒரு டெசிமலை வாங்கி ஒரு டெசிமலைத் தருகிற எந்த மெத்தடும் இதற்குப் பொருந்தும், மெத்தடின் பெயர் என்னவாகவும் இருக்கலாம்.

அடுத்து, பொருந்தக்கூடிய இரண்டு மெத்தட்:

ஸ்டாட்டிக் டெசிமல் தீபாவளிக்கழிவு(டெசிமல் தொகை) => தொகை / 10;
ஸ்டாட்டிக் டெசிமல் மொத்தக்கழிவு(டெசிமல் தொகை) => தொகை >= 25000 ? தொகை * 15 / 100 : 0;

பிறகு, டெலிகேட்டை வாங்கிக்கொள்கிற மெத்தட்:

ஸ்டாட்டிக் டெசிமல் கட்டவேண்டியது(டெசிமல் தொகை, கழிவுக்கணக்கு கணக்கு) => தொகை - கணக்கு(தொகை);

கடைசியாக அதைக் கூப்பிடுகிற வரி:

வார் பணம் = கட்டவேண்டியது(12500, தீபாவளிக்கழிவு);

பணம் 11250 என்று வரும். நாளைக்குப் பொங்கல் கழிவு வந்தால் ஒரு புது மெத்தட் எழுதி அதன் பெயரைக் கொடுத்தால் சரி, கட்டவேண்டியது என்ற மெத்தடைத் தொடவே தேவையில்லை.

நான் அப்படியே எழுதினேன், டெசிமலை டெலிகேட்டாக மாற்ற முடியாது என்று எரர் வருகிறது. ஏன்?

மெத்தட் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருப்பீர்கள். தீபாவளிக்கழிவு(12500) என்றால் "இப்போதே ஓட்டு, விடையைத் தா" என்று பொருள், கிடைப்பது 1250 என்ற எண். வெறுமனே தீபாவளிக்கழிவு என்றால் மெத்தடையே கொடுக்கிறீர்கள். புதிதாகப் படிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் கிழமையில் தட்டுப்படுகிற இடம் இது.

ஒரே பெயரில் பல ஓவர்லோட் இருந்தால் பயப்பட வேண்டாம், எது பொருந்தும் என்று டெலிகேட்டின் சிக்னேச்சரை (பராமீட்டர்களும் ரிட்டர்ன் டைப்பும்) பார்த்துக் கொம்பைலரே தெரிவு செய்யும்.

ஸ்டாட்டிக் இல்லாத மெத்தடைக் கொடுத்தால் என்ன நடக்கும்?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்கிற கேள்வி இது, ஏனென்றால் டெலிகேட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வாடிக்கையாளர் என்று ஒரு கிளாஸ். அதில் வீதம் என்று ஒரு ப்ரொப்பர்ட்டி, கழிவு என்று ஒரு மெத்தட், அது தொகை * வீதம் / 100 ஐத் திருப்பித் தருகிறது. இப்போது:

வார் ஆள் = நியூ வாடிக்கையாளர்(8);
கழிவுக்கணக்கு க = ஆள்.கழிவு;

க என்ற டெலிகேட்டின் டார்கெட் இப்போது அந்த வாடிக்கையாளர் ஒப்ஜெக்ட். க(1000) என்றால் 80. சரி, இப்போது ஆள்.வீதம் = 12 என்று மாற்றிவிட்டு மறுபடி க(1000) என்று கூப்பிடுங்கள். 120 வரும். டெலிகேட் பழைய விடையை வைத்திருக்கவில்லை, ஆளை வைத்திருக்கிறது.

இன்னொரு படி போங்கள். ஆள் = நியூ வாடிக்கையாளர்(20) என்று அந்த வேரியபிளுக்குப் புது ஒப்ஜெக்டைக் கொடுங்கள். க(1000) இப்போது 200 தரும் என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். தராது, 120தான். க பிடித்திருப்பது ஆள் என்ற வேரியபிளை அல்ல, டெலிகேட் உருவான நேரத்தில் அந்த வேரியபிள் சுட்டிய ஒப்ஜெக்டை. அந்த வேரியபிள் பிறகு எங்கே போனாலும் டெலிகேட்டுக்குக் கவலை இல்லை. இந்த மூன்று வரியையும் தயவுசெய்து நீங்களே அடித்து ஓட்டிப் பாருங்கள், வாசித்துவிட்டு நகர்ந்தால் இது ஒட்டாது.

வாடிக்கையாளர் கிளாஸாக இல்லாமல் ஸ்ட்ரக்டாக (கொடுக்கும்போது பிரதி எடுக்கப்படுகிற டைப்) இருந்தால் கதை மாறும். ஸ்ட்ரக்டின் மெத்தடிலிருந்து டெலிகேட் உருவாக்கும்போது ஸ்ட்ரக்டின் ஒரு பிரதி பொக்ஸ் ஆகி, அதாவது ஒப்ஜெக்டாகப் பொதியப்பட்டு, டார்கெட்டில் போய் உட்காரும். பிறகு மூலத்தில் வீதத்தை 12 ஆக்கினாலும் டெலிகேட் 8 என்றே கணக்குப் போடும்.

வேர்ச்சுவல் மெத்தட் என்றால், உண்மையான ஒப்ஜெக்ட் எந்தக் கிளாஸோ அந்தக் கிளாஸின் ஓவர்ரைட்தான் ஓடும். ப்ரைவேட் மெத்தடையும் கிளாஸுக்கு உள்ளிருந்து டெலிகேட்டாக்கி வெளியே கொடுக்கலாம், வெளியில் இருப்பவர் அதைத் தாராளமாகக் கூப்பிடலாம். அனுமதி பார்க்கப்படுவது டெலிகேட்டை உருவாக்குகிற இடத்தில்தான்.

ஃபங்க், அக்‌ஷன் இருக்கும்போது சொந்தமாக டெலிகேட் வகை அறிவிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அக்‌ஷன் எதையும் திருப்பித் தராத மெத்தடுக்கு, ஃபங்க் ஏதாவது திருப்பித் தருகிற மெத்தடுக்கு. இரண்டுமே 16 பராமீட்டர் வரை தாங்கும். ஃபங்கில் கடைசியாக எழுதுகிற டைப்தான் ரிட்டர்ன் டைப், ஆகவே மேலே அறிவித்த கழிவுக்கணக்குக்குப் பதிலாக ஃபங்க்<டெசிமல், டெசிமல்> என்று எழுதியிருக்கலாம். இப்போது வேலைத்தளங்களில் பார்க்கிற கோடில் இவைதான் நிறைந்திருக்கின்றன.

ஆனாலும் இரண்டு இடத்தில் சொந்தப் பெயர் வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். ரெஃப், அவுட் பராமீட்டர் வேண்டுமானால் ஃபங்கும் அக்‌ஷனும் உதவாது. மற்றது, ஃபங்க்<டெசிமல், டெசிமல், இன்ட், பூல்> என்று ஒரு பராமீட்டரைக் கண்டால் எது தொகை, எது வீதம், எது எண்ணிக்கை என்று வாசிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. உங்களுக்குப் பிறகு அந்தக் கோடைத் திறக்கப்போகிற தம்பியையோ தங்கச்சியையோ நினைத்து அங்கே ஒரு பெயர் வையுங்கள்.

ஒரே சிக்னேச்சர் உள்ள இரண்டு டெலிகேட் வகைகளை ஒன்றுக்கொன்று கொடுக்க முடியாதா?

நேரே முடியாது, இரண்டும் வேறு வேறு டைப். பழைய டெலிகேட்டைச் சுற்றி நியூ போட்டுப் புதியது உருவாக்கலாம்.

லாம்டாவும் டெலிகேட்டும் ஒன்றா?

லாம்டா என்பது பெயரில்லாத ஒரு மெத்தடை அந்த இடத்திலேயே எழுதுகிற முறை. டெலிகேட் அதைச் சுட்டுகிற ஒப்ஜெக்ட். கட்டவேண்டியது(12500, தொகை => தொகை / 20) என்று எழுதினால் கொம்பைலர் பின்னால் ஒரு மெத்தடை உருவாக்கி, அதற்கு ஒரு டெலிகேட்டும் செய்து கொடுக்கிறது. டெலிகேட் 2002 இல் சி ஷார்ப் முதல் பதிப்பிலேயே இருந்தது, பெயரில்லாத மெத்தட் 2005 இல் இரண்டாம் பதிப்பில் வந்தது, லாம்டா 2007 இல் மூன்றாம் பதிப்பில் லிங்கோடு சேர்ந்து வந்தது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். எல்லா லாம்டாவும் டெலிகேட்டாக மாறுவதில்லை. டேட்டாபேஸோடு பேச உதவுகிற என்டிட்டி ஃப்ரேம்வொர்க்கில் டேட்டாபேஸ் டேபிளின் மேல் வடிகட்டுகிற வேர் என்ற மெத்தடை எழுதும்போது கொடுக்கிற லாம்டா, எக்ஸ்ப்ரெஷன் ட்ரீயாக (கோடின் அமைப்பைச் சொல்கிற டேட்டா) மாறி, பிறகு டேட்டாபேஸின் மொழியான எஸ்கியூஎல் ஆகிறது. அந்த இடத்தில் ஃபங்க் வேரியபிளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கொம்பைலர் வாயைத் திறக்காது, கோடும் ஓடும், ஆனால் முழு டேபிளும் மெமரிக்கு வந்து அங்கே வடிகட்டப்படும். சின்ன டேபிளில் வித்தியாசம் தெரியாது, பெரிய டேபிளில் சேர்வர் மூச்சுத் திணறும்.

லூப்புக்குள் லாம்டா எழுதினேன், எல்லாம் ஒரே எண்ணைக் காட்டுகிறது. என்ன பிழை?

கடையில் ஐந்து கவுன்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன், அமர்த்தினால் கவுன்டர் எண்ணைக் காட்ட வேண்டும். ஃபோர் லூப்பில் எண் என்ற வேரியபிள் 1 இலிருந்து 5 வரை போகிறது, உள்ளே () => காட்டு(எண்) என்று எழுதுகிறீர்கள். ஓட்டினால் எந்தப் பட்டனை அமர்த்தினாலும் 6.

லாம்டா அந்த வேரியபிளின் பெறுமதியைப் பிரதி எடுப்பதில்லை, வேரியபிளையே பிடித்துக்கொள்கிறது. கொம்பைலர் மறைவில் ஒரு கிளாஸ் செய்து, எண்ணை அதில் ஒரு ஃபீல்டாக வைத்து, லாம்டாவை அதே கிளாஸின் மெத்தடாக ஆக்குகிறது. ஐந்து டெலிகேட்டின் டார்கெட்டையும் பார்த்தீர்கள் என்றால் ஐந்தும் ஒரே ஒப்ஜெக்ட்! லூப் முடியும்போது அந்த ஃபீல்டில் நிற்பது 6. லூப்புக்குள்ளேயே வார் இந்தஎண் = எண் என்று ஒரு வேரியபிள் எடுத்து லாம்டாவில் அதைப் பயன்படுத்தினால், சுற்றுக்கு ஒரு தனி ஒப்ஜெக்ட் உருவாகி விஷயம் சரியாகிவிடும்.

ஃபோர்ஈச்சிலும் முன்பு இதே வில்லங்கம் இருந்தது, 2012 இல் வந்த சி ஷார்ப் 5 இல் அதை மாற்றிவிட்டார்கள். ஃபோர் லூப் மாறவில்லை.

+= போட்டுப் பல மெத்தடைச் சேர்க்கலாம் என்கிறார்கள், அது எப்படி வேலை செய்கிறது?

ஒரு டெலிகேட்டுக்குள் ஒரு வரிசையே இருக்கலாம். பில் முடிந்ததும் ஸ்டொக் குறைய வேண்டும், வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும், பிரிண்டரில் துண்டு வர வேண்டும்:

அக்‌ஷன்<பில்> முடிந்ததும் = ஸ்டொக்குறை;
முடிந்ததும் += எஸ்எம்எஸ்அனுப்பு;
முடிந்ததும் += துண்டுஅடி;

முடிந்ததும்(பில்) என்று ஒரு தடவை கூப்பிட்டால் மூன்றும் சேர்த்த ஒழுங்கிலேயே ஓடும். டெலிகேட் ஒப்ஜெக்ட் உருவான பிறகு மாறாது, ஸ்ட்ரிங் போல. ஆகவே += ஒவ்வொரு தடவையும் பழைய வரிசையும் புது மெத்தடும் சேர்ந்த ஒரு புது டெலிகேட்டைச் செய்து வேரியபிளில் வைக்கிறது.

இங்கே இரண்டு சிக்கல். எஸ்எம்எஸ்அனுப்பு நடுவில் எக்ஸெப்ஷன் எறிந்தால் துண்டுஅடி ஓடவே ஓடாது, வாடிக்கையாளர் காசைக் கொடுத்துவிட்டு துண்டுக்குக் காத்துக்கொண்டு நிற்பார். ஒன்று பிழைத்தாலும் மற்றவை ஓட வேண்டும் என்றால் அந்த வரிசையைத் தருகிற கெட்இன்வொகேஷன்லிஸ்டை எடுத்து ஃபோர்ஈச் போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனி ட்ரை கேட்சுக்குள் கூப்பிட வேண்டும்.

மற்றது ரிட்டர்ன். தீபாவளிக்கழிவையும் மொத்தக்கழிவையும் ஒரே டெலிகேட்டில் += பண்ணினால் இரண்டும் கூட்டி வரும் என்று நினைக்கிறார்கள். வராது. இரண்டும் ஓடும், ஆனால் கைக்குக் கிடைப்பது கடைசி மெத்தட் தந்த விடை மட்டும், முதலாவது காற்றோடு போய்விடும். அதனால்தான் பல மெத்தட் சேர்க்கிற இடங்களில் ஒன்றும் திருப்பித் தராத டெலிகேட்டையே வழக்கமாக வைக்கிறோம்.

டெலிகேட்டுக்கும் இவென்டுக்கும் என்ன வித்தியாசம்? இன்டர்வியூவில் கேட்கிறார்கள்.

கேட்பார்கள், மருதானை ட்ரேஸ் சிட்டிக்குப் போனாலும் தெமட்டகொடை ஒரியன் சிட்டிக்குப் போனாலும் டொட் நெட் வேலை என்றால் இந்தக் கேள்வியை எதிர்பார்த்துப் போங்கள்.

டெலிகேட் ஃபீல்டைப் பப்ளிக்காக வைத்தால் வெளியில் இருப்பவர் எவரும் அதில் += க்குப் பதிலாக = போட்டு, முன்பு சேர்ந்த எல்லோரையும் துடைத்துவிடலாம். பில் முடியாமலேயே "முடிந்தது" என்று கூப்பிட்டும் விடலாம். முன்னால் இவென்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் வெளியிலிருந்து செய்யக்கூடியது += மற்றும் -= மட்டும். கூப்பிடுகிற உரிமை அந்தக் கிளாஸிடமே இருக்கும். உள்ளே இருப்பது அதே டெலிகேட்தான், வாசலில் காவல் போட்டிருக்கிறது. இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு நீங்கள் பாடமாக்கி வரவில்லை என்று தெரியும்.

யாருமே சேராவிட்டால்?

டெலிகேட் நல் ஆக இருக்கும், கூப்பிட்டால் நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன். முடிந்ததும்?.இன்வோக்(பில்) என்று எழுதுங்கள், 2015 இல் வந்த சி ஷார்ப் 6 முதல் இது உண்டு. இஃப் போட்டு நல் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதை விட இது நல்லது. அந்த இரண்டுக்கும் நடுவில், அதே நேரத்தில் ஓடுகிற இன்னொரு த்ரெட் கடைசி மெத்தடைக் கழற்றிவிட்டால் இஃப் தாண்டியும் விழலாம், ?. அந்த வேரியபிளை ஒரே தடவைதான் வாசிக்கும்.

டெலிகேட்டால் மெமரி லீக் வரும் என்பது உண்மையா?

உண்மை, மணித்தியாலக் கணக்கில் மூடாமல் ஓடுகிற ப்ரோகிராமில் இது பெரிய தலையிடி.

கடை ப்ரோகிராமில் நாள் முழுக்க உயிரோடு இருக்கிற ஒரு ஒப்ஜெக்டில் பில்முடிந்தது என்ற இவென்ட் இருக்கிறது. ஊழியர் ஒரு ஜன்னலைத் திறக்கிறார், அந்த ஜன்னல் தன் புதுப்பி என்ற மெத்தடை இவென்டில் சேர்க்கிறது. வேலை முடிந்து ஜன்னலை மூடுகிறார். திரையில் ஜன்னல் இல்லை, ஆனால் இவென்டுக்குள் இருக்கும் டெலிகேட்டின் டார்கெட் யார்? அந்த ஜன்னல்தான். டார்கெட் பிடித்திருக்கும்வரை, தேவையற்ற ஒப்ஜெக்ட்களை அகற்றுகிற கார்பேஜ் கலெக்டர் அதைத் தொடாது. பின்னேரம் வரை திறந்து மூடிய அத்தனை ஜன்னலும் மெமரியில் உட்கார்ந்திருக்கும், அது மட்டுமில்லை, ஒவ்வொரு பில் முடியும்போதும் மூடிய ஜன்னல்கள் எல்லாம் மறைவில் தங்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். "பின்னேரமானால் சிஸ்டம் இழுக்குது" என்று கடையில் முறைப்பட்டால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஜன்னல் மூடுகிற இடத்தில் -= போட்டுக் கழற்றிவிட வேண்டும். பில்முடிந்தது -= புதுப்பி என்று எழுதும்போது உண்மையில் ஒரு புது டெலிகேட் உருவாகிறது, ஆனாலும் சரியாகக் கழலும், ஏனென்றால் ஒரே டார்கெட்டும் ஒரே மெத்தடும் இருந்தால் இரண்டு டெலிகேட்டும் சமம் என்றுதான் கணக்கு.

லாம்டாவாகச் சேர்த்ததை -= போட்டுக் கழற்ற முடியவில்லையே?

+= ப => புதுப்பி(ப) என்று சேர்த்துவிட்டு -= ப => புதுப்பி(ப) என்று எழுதினால், பார்வைக்கு ஒரே மாதிரி, ஆனால் கொம்பைலருக்கு அவை இரண்டு வேறு மெத்தட். எரரும் வராது, கழலவும் மாட்டாது, அமைதியாக லீக் தொடரும். லாம்டாவை முதலில் ஒரு வேரியபிளில் வைத்து, அந்த வேரியபிளைக் கொண்டே சேர்த்து, அதைக் கொண்டே கழற்றுங்கள். இல்லாவிட்டால் பெயருள்ள மெத்தடே எழுதிவிடுங்கள், எனக்குப் பிடித்தது அதுதான்.

இதற்கு இன்டர்ஃபேஸ் போதாதா?

போதும், பல இடத்தில். கழிவு கணக்குப் போடுவது மட்டும்தான் வேண்டும் என்றால் ஒரே மெத்தடுக்காக ஒரு இன்டர்ஃபேஸ், அதற்கு ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு கிளாஸ், ஒரு ஃபைல் என்று போவது வீண் சோலி, டெலிகேட் எடுங்கள். கழிவு கணக்கிட வேண்டும், அதன் பெயரைத் துண்டில் அச்சடிக்க வேண்டும், எந்தத் திகதி வரை செல்லும் என்றும் கேட்க வேண்டும் என்று ஒன்றோடொன்று சேர்ந்த பல வேலைகள் வந்தால் இன்டர்ஃபேஸ்தான் பொருத்தம். இன்னொரு வசதியும் டெலிகேட்டில் உண்டு: ஒரே கிளாஸின் மூன்று மெத்தடும் ஒரே சிக்னேச்சர் என்றால் மூன்றையும் மூன்று இடத்துக்குக் கொடுக்கலாம், இன்டர்ஃபேஸில் ஒரு கிளாஸ் அந்த மெத்தடுக்கு வழக்கமாக ஒரே ஒரு பதில்தான் சொல்லும்.

அசிங்க் மெத்தடைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அக்‌ஷனுக்குக் கொடுக்காதீர்கள். அக்‌ஷன் எதிர்பார்க்கிற இடத்தில் அசிங்க் லாம்டா எழுதினால் அது அசிங்க் வாய்ட் ஆகிவிடும், கூப்பிட்டவரால் அவெய்ட் பண்ண (முடியும்வரை காத்திருக்க) முடியாது, உள்ளே வருகிற எக்ஸெப்ஷனைக் கூப்பிட்ட இடத்தில் ட்ரை கேட்ச் போட்டும் பிடிக்க முடியாது, பல சந்தர்ப்பங்களில் ப்ரோகிராமே விழுந்துவிடும். ஃபங்க்<டாஸ்க்> எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் += பண்ணியிருந்தால் மேலே சொன்ன ரிட்டர்ன் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: கைக்கு வருவது கடைசி டாஸ்க் மட்டும், மற்றவை முடிந்தனவா என்று உங்களுக்குத் தெரியாது. வரிசையை எடுத்து ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, எல்லாம் முடியும்வரை காத்திருக்கிற டாஸ்க்.வென்ஆலுக்குள் போடுங்கள்.

ஜாவா, பைதன், ஜாவாஸ்கிரிப்டில் இது இல்லையா?

விஷயம் எல்லாவற்றிலும் உண்டு, வடிவம் வேறு. பைதனில் ஆள்.கழிவு என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் ஆளையும் சேர்த்துப் பிடித்த மெத்தட் கிடைக்கும், டெலிகேட்டுக்கு மிக நெருக்கம். ஜாவாஸ்கிரிப்டில் அதே மாதிரி எடுத்தால் ஆள் கழன்றுவிடும், திஸ் தொலைந்துவிடும், பைண்ட் போட்டுக் கட்ட வேண்டும். சி ஷார்ப்பிலிருந்து ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிற ரியாக்ட் பக்கம் போகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

ஜாவாவின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. சி ஷார்ப்பை வடிவமைத்த அண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் அதற்கு முன்பு டெல்பி என்ற ப்ரோகிராமிங் கருவியைச் செய்தவர், அதில் ஒப்ஜெக்டையும் மெத்தடையும் சேர்த்துச் சுட்டுகிற பொயின்டர் ஏற்கெனவே இருந்தது. மைக்ரோசொஃப்டுக்கு வந்தபின் அந்த நிறுவனத்தின் ஜாவா கருவியான விஷுவல் ஜே பிளஸ் பிளஸ் 6 இல், 1998 இல், ஜாவாவுக்குள்ளேயே டெலிகேட்டைச் சேர்த்தார்கள். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் அதைக் கடுமையாக எதிர்த்தது, உள் கிளாஸ்களே போதும் என்று எழுதியது. டெலிகேட் சி ஷார்ப்போடு போய்விட்டது. ஜாவாவில் லாம்டாவும் இரட்டை முக்காற்புள்ளி போட்டு மெத்தடைச் சுட்டுகிற முறையும் 2014 இல் ஜாவா 8 இல் வந்தன, அங்கேயும் தனி டெலிகேட் வகை இல்லை, ஒரே மெத்தடுள்ள இன்டர்ஃபேஸாகத்தான் மாறுகின்றன.

ஐபோன் ஆப் எழுதுபவர்கள் டெலிகேட் என்று சொல்வது ப்ரொட்டோகோல் வழியாகச் செய்கிற வேறு விஷயம், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேகம் குறையுமா?

நேரே கூப்பிடுவதை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், ஆனால் கடை பில்லில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. லட்சக்கணக்கில் சுற்றுகிற லூப்புக்குள் வெளி வேரியபிளைப் பிடிக்கிற லாம்டா எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் புது ஒப்ஜெக்ட் உருவாகலாம், அங்கே மட்டும் பாருங்கள். லாம்டாவுக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று போட்டால் தவறிப்போய் எதையும் பிடித்துவிடாமல் கொம்பைலரே தடுக்கும், 2020 இல் வந்த சி ஷார்ப் 9 முதல்.

நோட்ஸில் பிகின்இன்வோக், என்ட்இன்வோக் இருக்கிறது, படிக்க வேண்டுமா?

டெலிகேட்டைப் பின்னணியில் ஓடவிட்டு விடையை வாங்குகிற பழைய முறை அது, பரீட்சைக்கு வந்தால் படியுங்கள். புது டொட் நெட்டில் டெலிகேட்டின் மேல் பிகின்இன்வோக் கூப்பிட்டால் இந்தத் தளத்தில் ஆதரவு இல்லை என்று எக்ஸெப்ஷன் வரும். வேலைக்கு டாஸ்க், அவெய்ட் படியுங்கள்.

டெலிகேட் ஒன்று பிழையாக ஓடினால் எங்கே பார்ப்பது?

கூப்பிடுகிற வரியில் பிரேக்பொயின்ட் வையுங்கள். விஷுவல் ஸ்டூடியோவில் அந்த வேரியபிளின் மேல் மவுஸைக் கொண்டுபோய் விரித்தால் டார்கெட், மெத்தட் இரண்டும் தெரியும். பெயருள்ள மெத்தட் என்றால் பெயர் அப்படியே இருக்கும். கோணக் குறிகளும் எழுத்துகளும் கலந்த விசித்திரமான பெயரைக் கண்டால் அது கொம்பைலர் செய்த லாம்டா, அதன் டார்கெட்டை விரித்தால் பிடித்து வைத்திருக்கிற வேரியபிள்கள் எல்லாம் ஃபீல்டாக வரிசையில் நிற்கும், கவுன்டர் எண் 6 ஏன் வந்தது என்று கண்ணால் பார்க்கலாம். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்க வோட்ச் ஜன்னலில் வேரியபிள் பெயருக்குப் பின்னால் .கெட்இன்வொகேஷன்லிஸ்ட்().லெங்த் என்று அடியுங்கள். திறந்திருப்பது ஒரு ஜன்னல், வந்த எண் 40 என்றால், -= எழுதாத இடத்தைத் தேடத் தொடங்கலாம்.